கர்ணத்தின் பெட்டியும் கம்ப்யூட்டர் ஏடுகளும்

திண்டிவனத்தில் வண்டி நின்றபோது என் எதிர் ஆசனத்தில் ஒரு வாலிபர் வந்து உட்கார்ந்தார். ஒரு கையில் மடிக்கணினிப் பை. மற்றொரு கையில் மஞ்சள் துணிப் பை. முதல் பையைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது பை காலடிக்குப் போயிற்று. வண்டி குலுங்கிப் புறப்பட்டதுதான் தாமதம், துணிப் பை சாய்ந்து, அதிலிருந்த காகிதங்கள் சரிந்து என் செருப்பு வரையில் வந்துவிட்டன.

குனிந்து பொறுக்கிக் கொடுத்தேன். சிட்டா, அடங்கல், புலப்பட நகல் எல்லாம் எனக்குப் பழகிய முகங்கள். என் பாட்டனார் பழைய தென்னாற்காடு ஜில்லாவில் கர்ணம் உத்தியோகம் பார்த்தவர். அவருடைய மரப்பெட்டியின் வாசனையை நான் இன்னும் மறக்கவில்லை.

"நிலத்தில் ஏதாவது வில்லங்கமா, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை ஸார். பாகப் பிரிவினை. விழுப்புரத்தில் பெரியப்பாவிடம் இந்தக் காகிதங்களைக் காட்டவேண்டும். காட்டிவிட்டு வகுப்புக்குப் போகவேண்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமையில் என்ன வகுப்பு என்று விசாரித்தேன். விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருப்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். சுற்று வட்டாரத்து மாணவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் கணினித் தொழிலைக் கற்பிக்கும் தொண்டர் குழு அது. அவர்கள் கற்பிப்பது கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம்; உள்ளே எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். நம்முடைய வாலிபருக்கும் அப்படி ஒரு மென்பொருளில் சிறு திருத்தம் ஒன்று செய்து அனுப்பவேண்டும் என்று ஆசை பிறந்திருக்கிறது. மூன்று இரவுகள் கண் விழித்தாராம். திருத்துவது இருக்கட்டும், தம் கணினியில் அதை ஓடவைக்கவே அவரால் முடியவில்லை.

அந்த மென்பொருளின் பெயரையும் சொன்னார். நான் இங்கே சொல்லப்போவதில்லை. காரணம் மட்டும் சொல்கிறேன். அதை நிறுவும் முறை ஐந்து இடங்களில் எழுதியிருந்ததாம். ஐந்தும் ஐந்து விதம்! ஒன்று போன ஆண்டுப் பதிப்புக்கு உரியது. ஒன்று அதற்கும் முந்தியது. ஒன்று பாதியில் நின்றுவிட்டது. எது செல்லும், எது செல்லாது என்று எந்தத் தாளிலும் குறிப்பு இல்லை.

"பெரிய ஊரிலே இருக்கிறவன் பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் கேட்பான், ஸார். எங்கள் ஊரில் பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? எனக்கு அந்த ஏடுதான் வாத்தியார். வாத்தியாரே முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் நான் எங்கே போவது?"

இந்தக் கேள்வி என்னைச் சிறிது நேரம் பேசவொட்டாமல் செய்துவிட்டது. மயிலம் ஸ்டேஷன் வந்து போயிற்று.

கதவு திறந்துதான் இருக்கிறது. பூட்டு இல்லை, காவல்காரன் இல்லை, கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே போகும் வழியைச் சொல்லும் ஏடு குழம்பிக் கிடந்தால், வழி தெரிந்த நண்பர்களைப் பெற்றவர்கள் மட்டுமே உள்ளே போவார்கள். திண்டிவனத்துப் பிள்ளை வாசலிலேயே நிற்பான்.

இந்தக் குழப்பம் எப்படி உண்டாகிறது? யாருடைய சோம்பலும் இதற்குக் காரணமல்ல என்பது விந்தை. இரண்டு பேர் ஒரு மென்பொருளை எழுத ஆரம்பிக்கிறார்கள். இருவருக்கும் எல்லாம் தெரியும், ஏடு தேவையில்லை. ஊருக்கு உபகாரமாக 'ரீட்மீ' என்று ஒரே ஒரு தாள் எழுதி வைக்கிறார்கள். மூன்றாவது ஆள் வருகிறார். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் ஒரு கடிதத்தில் போகிறது. பத்தாவது ஆள் வரும்போது யாரோ ஒரு விக்கி ஆரம்பிக்கிறார். அவர் வேலை மாறிப் போய்விடுகிறார். விக்கி அப்படியே நின்றுவிடுகிறது. அடுத்தவர் புதிதாக ஒரு கையேடு தொடங்குகிறார். பழையதை அழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. யாருக்குப் பயன்படுமோ என்று பரணில் ஏற்றுகிற வீட்டு வழக்கந்தான். நாளடைவில் மென்பொருள் வளர்கிறது, பரணும் வளர்கிறது.

அந்தப் பரணை ஒழுங்குபடுத்த முற்படுகிறவர்களும் முதலில் ஒரு தவறு செய்வதுண்டு. செய்தவனுடைய மனத்தில் இருக்கும் ஒழுங்குப்படி அடுக்குகிறார்கள். இந்தப் பகுதி, அந்தப் பகுதி, உட்பகுதி என்று இயந்திரத்தின் அங்கங்களின் வரிசையிலேயே ஏடுகளும் அமைகின்றன. தேடி வருகிறவனோ அங்கங்களின் பெயரை அறியாதவன். அவன் கையில் இருப்பது ஒரு கேள்வி மட்டுமே.

இந்த இடத்தில் என் பார்வை அந்த மஞ்சள் பையின் மேல் விழுந்தது.

"தம்பி, அந்தப் பையில் இருக்கும் காகிதங்கள் எல்லாம் ஒரே நிலத்தைப் பற்றியவைதானே? பிறகு ஏன் இத்தனை தாள்?" என்று கேட்டேன்.

வாலிபர் விழித்தார். நான் பாட்டனாரின் பெட்டியைத் திறக்க ஆரம்பித்தேன்.

கர்ணம் பதவி 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது; அந்த வேலை பின்னர் கிராம நிர்வாக அலுவலர்களிடம் வந்தது. ஆள் மாறினாலும் கணக்கின் அமைப்பு பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. புல எண் வரிசையில் நிலங்களைத் தேடவேண்டுமா? அ-பதிவேடு இருக்கிறது: பரப்பு எவ்வளவு, மண் என்ன தரம், தீர்வை எவ்வளவு, பட்டாதாரர் யார் என்பதெல்லாம் அதில் வரும். ஒரு மனிதருக்கு இந்தக் கிராமத்தில் எங்கெங்கே நிலம் இருக்கிறது என்று பார்க்கவேண்டுமா? அதற்குச் சிட்டா. இந்தப் பருவத்தில் அந்த வயலில் கரும்பா, நெல்லா, மணிலாவா? அதற்கு அடங்கல், அது ஆண்டுதோறும் புதிதாக எழுதப்படுவது. வரப்பு எங்கே, அளவு என்ன என்று தகராறா? புலப்படத்தை விரிக்கவேண்டும். நிலம் ஒன்றே, கேள்வி நான்கு, அதனால் தாளும் நான்கு. அடங்கலில் எழுதவேண்டிய பயிரை அ-பதிவேட்டில் எழுதினால், அடுத்த பருவத்திலேயே அ-பதிவேடு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

"அட!" என்றார் வாலிபர். பிறகு தம் பங்குக்கு அவர் ஒரு சங்கதி சொன்னார்.

மென்பொருள் உலகிலும் இந்தத் தத்துவத்தைக் கண்டிருக்கிறார்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஜாங்கோ என்னும் மென்பொருளின் விளக்க ஏடுகள் நெடுநாளாகவே நான்கு வகையாகப் பிரிந்திருக்கின்றன. டேனியலே புரோசிடா என்பவர் 2017-ஆம் ஆண்டில் இந்தப் பிரிவினையை ஒரு முறையாகவே வகுத்துச் சொன்னார். இப்பொழுது அதற்கு டயாடாக்சிஸ் என்று பெயர். உபுண்டுவை வெளியிடும் கனானிகல் ஸ்தாபனம் அதைக் கைக்கொண்டிருக்கிறது.

அந்த நான்கு வகை என்னென்ன? கணினி பழகாத நேயர்களுக்காக என் வீட்டுத் தையல் இயந்திரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன். என் மருமாள் பெண் லீவுக்கு வந்தபோது, என் மனைவி ஒரு பழந்துணியைக் கொடுத்து, நேர் கோட்டில் ஒரு தையல் போடச் சொன்னாள். ஊசியின் எண் என்ன, நூலின் கனம் என்ன என்றெல்லாம் பிரசங்கம் செய்யவில்லை. பெண் ஒரு தையல் போட்டாள், முகம் மலர்ந்தாள். இது முதல் பாடம். படிப்பவர் தோற்காமல் கரையேறவேண்டும் என்பதே இதன் ஒரே நோக்கம். இரண்டாவது, தைக்கத் தெரிந்தவர் "ரவிக்கைக்குக் கை வைப்பது எப்படி?" என்று வருவது. அவருக்குப் பாடம் வேண்டாம். வேலை முடியும் வழி வேண்டும். மூன்றாவது, எந்தத் துணிக்கு எந்த எண் ஊசி, எண்ணெய் விடும் துவாரங்கள் எங்கெங்கே என்ற அட்டவணை. அதை யாரும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கமாட்டார்கள். புரட்டிப் பார்ப்பார்கள், மூடிவிடுவார்கள். நான்காவது, மேல் நூலும் அடி நூலும் ஏன் சமமான இழுப்பில் இருக்கவேண்டும் என்ற விளக்கம். இது பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் படிக்கவேண்டியது. தையல் பாதியில் நிற்கும்போது இதை யாராவது நம்மிடம் படித்துக் காட்டினால் கோபம் வரும்.

இந்த நான்கையும் ஒரே ஏட்டில் கலந்தால் என்ன ஆகும்? முதல் பாடத்தின் நடுவில் அட்டவணை வந்து நிற்கும். அட்டவணையின் நடுவில் தத்துவம் புகும். எழுதியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்ட திருப்தியோடு தூங்கப் போவார். படித்தவர் தூங்கமாட்டார்.

ஆனால் நான்கு பெட்டி செய்து பெயர் ஒட்டிவிட்டு, உள்ளே ஒன்றுமில்லாமல் வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிறிய மென்பொருளுக்கு ஒரு நல்ல தாள் போதும். ஒரே கேள்வி இரண்டு முறை, மூன்று முறை வரும்போது அதற்கு ஒரு தாள் எழுதலாம். தாள்கள் சேர்ந்து இடறும்போது பெட்டி செய்யலாம்.

பேரணி தாண்டியது. வாலிபர் மடிக்கணினியைத் திறந்து, லினக்ஸ் உட்கருவின் விளக்க ஏடுகளைக் காட்டினார். லினக்ஸ் 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. இன்று அதன் நிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதன் ஏடுகளும் ஒரு காலத்தில் பரண் மாதிரியேதான் இருந்தன. தனித்தனியாக எண்ணற்ற சிறு குறிப்புகள் ஒரு பக்கம்; வேறு ஒரு முறையில் தயாரான புத்தகங்கள் மறு பக்கம். 2016-ஆம் ஆண்டில், ஜோனதன் கார்பெட் என்பவருடைய மேற்பார்வையில், எல்லாவற்றையும் ஸ்பிங்க்ஸ் என்ற ஒரே அமைப்புக்குள் கொண்டுவரும் வேலை ஆரம்பமாயிற்று. பைத்தான் மொழியின் ஏடுகளுக்கென்று கேயார்க் பிராண்டல் உண்டாக்கி 2008-இல் வெளியிட்ட சாதனம் அது. ஒருவர் தம் வீட்டுக்குச் செய்த அலமாரி ஊருக்கெல்லாம் உதவியது.

காகிதத்தை மாற்றியது சிறிய காரியந்தான். பெரிய காரியம், படிப்பவர் யார் என்று கேட்டு அடுக்கியது. லினக்ஸ் ஓடும் கணினியை நிர்வகிப்பவருக்கு ஒரு புத்தகம். சாதனங்களுக்கு நிரல் எழுதுபவருக்கு ஒரு புத்தகம். உட்கருவில் திருத்தம் செய்து அனுப்ப விரும்பும் புதியவருக்கு, எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று சொல்லும் புத்தகம் வேறு. பழைய குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது யாருக்கு, இது இன்னும் உண்மையா என்று பார்த்து, உரிய இடத்தில் சேர்க்கிறார்கள். பல ஆண்டுகளாகியும் இந்த வேலை தொடர்கிறது.

அட்டவணைப் பகுதிக்கு ஒரு நல்ல உபாயம் வைத்திருக்கிறார்கள். அதில் பெரும் பங்கை யாரும் தனியே உட்கார்ந்து எழுதுவதில்லை. நிரலின் பக்கத்திலேயே எழுதியிருக்கும் குறிப்பை இயந்திரம் எடுத்துத் தொகுத்துவிடுகிறது. நிரலைத் திருத்துகிறவனுடைய கண்ணெதிரே குறிப்பும் இருப்பதால், ஒன்றை மாற்றி மற்றதை மறப்பது கொஞ்சம் கடினம். பைத்தான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏட்டில் கொடுத்த உதாரணங்களை இயந்திரமே ஓட்டிப் பார்த்து, ஏடு சொன்ன விடை வருகிறதா என்று சோதிக்கும் சாதனம் 2001-ஆம் ஆண்டிலிருந்து அந்த மொழியோடு வருகிறது.

"இதற்கும் உங்கள் பெட்டியில் பதில் இருக்கிறதா, ஸார்?" என்று சிரித்தார் வாலிபர்.

இருக்கிறது. ஜமாபந்தி! பசலி ஆண்டு முடியும் தறுவாயில், ஒவ்வொரு தாலுகாவிலும் கிராமக் கணக்குகளையெல்லாம் வரவழைத்து, மேலதிகாரி முன்னிலையில் தணிக்கை செய்கிறார்கள். ஜனங்களும் வந்து குறைகளைச் சொல்லுகிறார்கள். எழுதிய கணக்கு எழுதியபடியே உண்மையாக நிற்காது, ஆண்டுக்கொரு முறையாவது வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கவேண்டும் என்பதை அந்த வழக்கத்தை ஏற்படுத்தினவர்கள் அறிந்திருந்தார்கள். ஒவ்வொரு பதிப்பு வெளிவருவதற்கு முன்பும் ஏடுகளுக்கு ஒரு ஜமாபந்தி நடத்தினால், ஐந்து விதமான நிறுவும் முறைகளில் நாலாவது கழிந்திருக்குமே!

கணக்குக்குப் பொறுப்பாளி இல்லாவிட்டால் தணிக்கை யாரை வைத்து நடக்கும்? கிராமத்துக் கணக்குக்கு ஓர் ஆள் உண்டு; தவறு இருந்தால் அவர் பதில் சொல்லவேண்டும். லினக்ஸிலும் எந்தப் பகுதிக்கு யார் பராமரிப்பாளர் என்று ஒரு பெரிய பட்டியல் நிரலோடேயே இருக்கிறது. ஏடுகள் இருக்கும் பகுதிக்கும் அதில் பெயர் உண்டு. எல்லாருக்கும் பொதுவான தாள் என்பது யாரும் கவனியாத தாள்.

வாலிபர் தம் புலப்படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கானபோது ஓர் எண் இரண்டு உட்பிரிவாயிருந்தது. இப்பொழுது அந்த உட்பிரிவு மேலும் இரண்டாகப் போகிறது. 2 என்பது 2ஏ, 2பி ஆகுமே தவிர, பக்கத்து வயல்களின் எண்கள் மாறுவதில்லை. மாறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! பழைய பத்திரங்கள் எல்லாம் வேறு யாருடைய வயலையோ சுட்டிக்காட்ட ஆரம்பிக்கும். மறு அளவையில் எண்களை மாற்றியே தீரவேண்டி வந்தபோது, பழைய எண்ணுக்குப் புதிய எண் இன்னது என்று ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார்கள். ஜில்லா எல்லைகளைத்தான் பாருங்களேன். தென்னாற்காட்டிலிருந்து 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஜில்லாவின் பெயர் மாறிற்று என்பதற்காக ஊரிலுள்ள வயல்கள் எண் மாறவில்லை.

வளரும் மென்பொருளின் ஏடுகளுக்கும் இது வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு விலாசம் கொடுத்துவிட்டால் அந்த விலாசத்தை மதிக்கவேண்டும். பக்கம் பெருத்தால் உட்பிரிவு செய்யவேண்டும். இடம் மாற்றினால் பழைய இடத்தில் ஒரு கைகாட்டி நிற்கவேண்டும். அலமாரியை அழகாக அடுக்குகிற உற்சாகத்தில் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டுக் கைகாட்டி வைக்க மறப்பவர்கள், எங்கோ ஓர் ஊரில் எவனோ ஒருவன் குறித்து வைத்திருந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். அவன் தங்களுக்குத் தெரிந்தவனாயிருந்தால் அப்படிச் செய்வார்களா?

விக்கிரவாண்டியில் கொஞ்ச நேரம் வண்டி நின்றது. அந்த அவகாசத்தில் ஒரு விஷயம் பேசினோம். என்ன செய்தோம் என்பதை நிரலே சொல்லும். ஏன் அப்படிச் செய்தோம் என்பதை நிரல் சொல்லாது. 2011-ஆம் ஆண்டில் மைக்கேல் நைகார்ட் என்பவர் இதற்கு ஒரு யோசனை சொன்னார். முக்கியமான தீர்மானம் ஒவ்வொன்றையும் ஓரிரு பக்கத்தில் எழுதி, எண் போட்டு வையுங்கள்: அன்றைய நிலைமை என்ன, எதைத் தீர்மானித்தோம், அதனால் வரும் நன்மை தீமை என்ன. பிற்பாடு மனம் மாறினால் பழைய தாளைக் கிழிக்கவேண்டாம். புதிய தாள் எழுதி, பழைய தாளில் 'இன்ன எண்ணால் மாற்றப்பட்டது' என்று குறித்தால் போதும். பத்திரப் பதிவு ஆபீஸைத் தெரிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. புதிய கிரயப் பத்திரம் எழுதினால் தாய்ப் பத்திரத்தை யாராவது அடுப்பில் போடுவார்களா? வில்லங்கச் சான்று பார்க்கிறவர் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதானே பின்னால் போகிறார்!

முண்டியம்பாக்கம் வந்தது. வாலிபர் கணினியில் வேறு ஒரு தாளைத் திறந்தார். அவரை மூன்று இரவு அலைக்கழித்த அந்த மென்பொருளை நிறுவும் முறையை, கடைசியில் வகுப்பில் ஒருவர் உதவியால் கண்டுபிடித்துத் தமிழில் எழுதியிருக்கிறார். தமிழில் இப்படி எழுதுவதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. கணியம் என்ற மின்னிதழ் 2012-ஆம் ஆண்டு முதல் கட்டற்ற மென்பொருள் விஷயங்களைத் தமிழில் வெளியிட்டு வருகிறது. லினக்ஸ் ஏடுகளிலும் மொழிபெயர்ப்புகளுக்கென்று ஒரு தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் என்று அங்கே பல மொழிகள் குடியேறியிருக்கின்றன. குடியேற விரும்புகிற மொழிக்கு வாடகை கேட்பதில்லை.

"எனக்கு ஓர் உபகாரம் செய்யவேண்டும், ஸார்" என்றார் வாலிபர். "இந்தத் தாளை அனுப்பிவைக்கிறேன். நீங்கள் கணினி வேலை தெரியாதவர். இதில் சொல்லியிருக்கிறபடி வரிக்கு வரி செய்து பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே நின்று எனக்குச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் இருந்தால் வாய் சும்மா இருக்காது, சொல்லிக் கொடுத்துவிடுவேன். அப்புறம் தாளில் உள்ள குற்றம் எனக்குத் தெரியாமலே போய்விடும்."

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கினோம். ஒலிபெருக்கி புதுச்சேரி வண்டியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மேம்பாலப் படியில் ஏறும்போதும் மஞ்சள் பையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார் அவர். கூட்டத்தில் கொஞ்ச தூரம் வரையில் அது தெரிந்தது.

அன்றிரவு தாள் வந்து சேர்ந்தது. என் பேரனுடைய கணினியை இரவல் வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வரி நிறைவேறியது. இரண்டாம் வரியில், "முனையத்தைத் திறந்துகொள்ளவும்" என்று போட்டிருந்தது. முனையம் என்பது எது, அது எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை. பேரன் சொல்லிக் கொடுக்க வாயைத் திறந்தான். கையமர்த்திவிட்டு, தடுக்கிய இடத்தைக் குறித்து வாலிபருக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் திருத்திய தாள் வந்தது. அதில் இரண்டாம் வரி மூன்று வரியாகியிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.